வாசலில் நின்று கேட்ட அப்பம்: ஐரோப்பிய இலையுதிர்காலப் பண்டிகையும் பாலும் முட்டையும் சேராத பலகாரமும்

நவம்பர் முதல் தேதி என்றதும் வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு 1956 நினைவுக்கு வரும். மொழிவாரி மாநிலங்கள் பிறந்த நாள் அது. ‘வெளிமாநிலத் தமிழர்’ என்ற பெயர் நமக்கு ஒட்டிக்கொண்டதும் ஒரு வகையில் அன்றுதான். அதே தேதிக்கு ஐரோப்பாவில் வேறு மூன்று முகங்கள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அது அனைத்துப் புனிதர்கள் திருநாள். அயர்லாந்தின் பழைய வழக்கில் குளிர்காலம் பிறக்கும் நாள். அதன் பெயர் ‘சௌவின்’. 1994 முதல் அதுவே உலக வீகன் தினமும் ஆகும்.

வீகன் என்றால் நம் சைவத்துக்கும் ஒரு படி மேலே. மாமிசம், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய், தேன் எதுவும் ஆகாது. தமிழில் ‘நனிசைவம்’ என்று அழகான ஒரு சொல் இதற்கு வழக்கில் வந்திருக்கிறது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்று தங்களைப் ‘பேகன்’ என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சாரார் அக்டோபர் 31 இரவில் சௌவின் கொண்டாடுகிறார்கள். அவர்களில் நனிசைவக்காரர்கள் வெண்ணெயும் முட்டையும் இல்லாமல் கேக்கும் அப்பமும் சுட்டு, முன்னோருக்கென்று ஒரு பங்கு எடுத்து வைக்கிறார்கள். ‘இது எங்கள் பரம்பரைப் பலகாரம்’ என்றும் சொல்கிறார்கள். உண்மையிலேயே பரம்பரைதானா, இல்லை நேற்று முளைத்ததா?

இது யாரோ எவரோ சம்பந்தப்பட்ட கேள்வி என்று தள்ளிவிட முடியாது. பிறந்த ஊரை விட்டு வந்து, கிடைத்த சாமானை வைத்துப் பண்டிகை நடத்தும் நம்மிடமும் பிள்ளைகள் இதைத்தானே கேட்கிறார்கள்: “அம்மா, ஊர்ல நிஜமாவே இப்படித்தான் செய்வாங்களா?” ஆகவே இந்த அப்பத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மாடு இறங்கும் காலம்

‘பேகன்’ என்பதன் மூலம் ‘பேகானுஸ்’ என்ற லத்தீன் சொல். நாட்டுப்புறத்தான், பட்டிக்காட்டான் என்று பொருள். கிறித்தவம் பரவிய காலத்தில், பழைய தெய்வங்களை விடாதவர்களைக் குறிக்கும் ஏளனச் சொல்லாக அது மாறியது. 392-இல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பிறப்பித்த சட்டம் விலங்கு பலியை மட்டும் தடுக்கவில்லை. வீட்டுத் தெய்வத்துக்கு விளக்கேற்றுவதையும் சாம்பிராணி போடுவதையும்கூடத் தடுத்தது.

அயர்லாந்து ரோமப் பேரரசுக்குள் வராத நாடு. அங்கே மாடு வளர்ப்பே பிழைப்பு. கோடையில் மேட்டு நிலத்தில் மேய்ந்த மாடுகள் அக்டோபர் முடிவில் கீழே இறங்கும். குளிர்காலம் முழுக்க அத்தனைக்கும் தீவனம் போட்டுக் கட்டுப்படியாகாது. எனவே ஒரு பகுதியை வெட்டி உப்புக் கண்டம் போட்டுவிடுவார்கள். ஆக, பழைய சௌவின் விருந்து மாமிச விருந்துதான். இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

அது இறந்தவர்களுக்கான பண்டிகையா என்பதிலும் சிக்கல் உண்டு. 1886-இல் ஜான் ரைஸ் என்ற வேல்ஸ் நாட்டு அறிஞர், அது கெல்ட்டியரின் புத்தாண்டு என்று ஒரு கருத்தைச் சொன்னார். ஜேம்ஸ் ஃபிரேஸர் அது மூதாதையர் திருநாள் என்று பரப்பினார். பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன், 1996-இல் வெளியான தம் நூலில் இவற்றையெல்லாம் சலித்துப் பார்த்து, கிறித்தவத்துக்கு முந்தைய சௌவின் இறந்தோர் நாளாக இருந்ததற்குப் போதிய சான்று இல்லை என்று காட்டினார். இறந்தோர் நினைவை நவம்பர் 2-ஆம் தேதியோடு சேர்த்துக் கட்டியவர் ஒரு கிறித்தவத் துறவி. பிரான்சின் குளூனி மடத்தலைவர் ஓடிலோ, 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் மடங்களில் தொடங்கிய வழிபாடு அது. நம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறையைச் சுத்தம் செய்து, பூவும் மெழுகுவத்தியும் வைத்துக் கும்பிடும் கல்லறைத் திருநாள், அந்த ஓடிலோ வகுத்த அதே நாள்தான்.

மாவில் செய்த பன்றி

அப்படியென்றால் பழைய பேகன் உலகில் ரத்தமில்லாத படையலே கிடையாதா? உண்டு, அதற்கு அயர்லாந்தை விட்டுத் தெற்கே கிரேக்கத்துக்குப் போக வேண்டும்.

ஏதென்ஸ் நகரில் அக்டோபரை ஒட்டி வரும் மாதத்தில் அப்பல்லோ தெய்வத்துக்குப் ‘பியனோப்ஸியா’ என்ற விழா எடுத்தார்கள். பெயரின் பொருளே ‘பயறு அவித்தல்’. பல வகைப் பயறுகளை ஒரே பானையில் வேகவைத்துப் படைத்து, எல்லோரும் சேர்ந்து உண்பார்கள். கம்பளி நூல் சுற்றிய ஒலிவக் கிளையில் அத்திப்பழம், அப்பம் முதலியவற்றைக் கட்டிச் சிறுவர்கள் பாட்டுப் பாடி ஏந்தி வருவார்கள். பின்பு அது வீட்டு வாசலில் தொங்கும். தீசியஸ் என்ற வீரனின் வரலாற்றை எழுதிய புளூட்டார்க் இந்த வழக்கத்தை விவரித்திருக்கிறார். சுண்டல் பானையும் வாசல் கொத்தும் என்றால், அட, நமக்குப் பழக்கமான சங்கதிதானே! அதில் தேனும் இருந்தது என்பதால் இன்றைய நனிசைவக் கணக்குக்கு முழுதும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு செய்தி எகிப்திலிருந்து. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற ஹெரோடோட்டஸ், நிலவுக்குப் பன்றி பலியிடும் நாளில், வசதியில்லாத ஏழைகள் மாவில் பன்றி பிடித்துச் சுட்டுப் படைத்ததாக எழுதுகிறார். கொல்லாமைக் கொள்கையால் அல்ல; கையில் காசில்லாமையால்.

இந்த இடத்தில் நம் ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தை நினைக்காமல் இருக்க முடியாது. உயிர்ப்பலி வேண்டாம் என்ற அரசன், தாயின் சொல்லைத் தட்ட முடியாமல் மாவால் செய்த கோழியைப் பலியிடுகிறான். மாவுதானே என்று சமண ஆசிரியர் அவனை விட்டுவிடவில்லை. கொல்லும் எண்ணத்தோடு செய்த வினைக்காகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து அல்லல்படுகிறார்கள். எகிப்திய ஏழைக்கு மாவுப் பன்றி ஒரு சிக்கனம். யசோதரனுக்கு மாவுக் கோழி ஒரு சமரசம். இரண்டிலும் பண்டம் மாறியது, பலி என்ற எண்ணம் மாறவில்லை. மாவுப் பண்டம் பலியின் பதிலாக இல்லாமல் தானமாகவே மாறியது எங்கே என்று பார்த்தால், இங்கிலாந்தின் ஆன்ம அப்பத்துக்கு வந்து சேர்வோம்.

ஆன்ம அப்பம்

14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷ்ராப்ஷர் பகுதியில் வாழ்ந்த ஜான் மர்க் என்ற துறவி தம் பிரசங்கத் தொகுப்பில் ஒரு பழைய வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். ஆன்மாக்கள் நாளில் நல்லவர்கள் ரொட்டி வாங்கித் தானம் செய்வார்களாம். ஒவ்வொரு ரொட்டிக்கும் ஓர் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து விடுதலை பெறும் என்பது நம்பிக்கை. ஏழைகள் வாசல் வாசலாகச் சென்று அப்பம் கேட்பார்கள். கொடுத்த வீட்டின் இறந்தவர்களுக்காகச் ஜெபிப்பார்கள். கொடுப்பவருக்குப் புண்ணியம், வாங்குபவருக்குச் சாப்பாடு, போனவர்களுக்கு நற்கதி என்று மூன்று பேர் கணக்கும் ஓர் அப்பத்தில் தீர்ந்தது.

16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து புராட்டஸ்டண்ட் நாடாயிற்று. உத்தரிக்கிற ஸ்தலம் என்பதே இல்லை என்றார்கள். இறந்தோர்க்குப் பூசை செய்ய விடப்பட்டிருந்த அறக்கட்டளைகள் 1547-இல் ஒழிக்கப்பட்டன. 1549-இல் வந்த புதிய ஜெபப் புத்தகத்தில் ஆன்மாக்கள் திருநாளே இல்லை. காரணம் போயிற்று, ஆனால் அப்பம் போகவில்லை! 1680-களில் ஜான் ஆப்ரி என்ற அறிஞர், ஷ்ராப்ஷர் பக்கம் வீடுகளில் மேசை மேல் அப்பத்தைக் குவித்து வைப்பார்கள், வந்தவரெல்லாம் ஒன்று எடுத்துக்கொள்வார்கள் என்று குறித்து வைத்தார். 19-ஆம் நூற்றாண்டிலும் செஷர், ஷ்ராப்ஷர், ஸ்டாஃபர்ட்ஷர் பகுதிகளில் பிள்ளைகள் பாட்டுப் பாடி அப்பமும் ஆப்பிளும் கேட்டுப் போனதைச் சார்லட் பர்ன் போன்ற நாட்டார் வழக்காற்று அறிஞர்கள் பதிவு செய்தார்கள். சட்டம் அழித்ததைச் சமையலறை காப்பாற்றியது.

அந்த அப்பத்தில் என்னதான் இருந்தது? எலினோர் ஃபெட்டிப்ளேஸ் என்ற சீமாட்டியின் 1604-ஆம் ஆண்டுக் கையெழுத்துச் சமையல் குறிப்பில் ஆன்ம அப்பத்துக்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. மாவு, சர்க்கரை, ஜாதிக்காய், கிராம்பு, ஜாதிபத்திரி, வெண்ணெய், ஸ்பானிய வெள்ளை ஒயின், பீர் நுரையிலிருந்து எடுத்த ஈஸ்ட்; விருப்பமானால் குங்குமப்பூவோ உலர்ந்த பழமோ. கவனியுங்கள், முட்டையும் இல்லை, பாலும் இல்லை! வெண்ணெய் ஒன்றுதான் நனிசைவத்துக்கு இடிக்கிறது. கிராம்பும் ஜாதிக்காயும் அந்நாளில் கிழக்கிந்தியத் தீவுகளில் மட்டுமே விளைந்தன. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கி நான்கு ஆண்டுகூட நிறையவில்லை. ஓர் ஆங்கிலக் கிராமத்து அப்பத்துக்குள்ளே நம் பக்கத்துக் கடல் வாணிபம் முழுதும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

விரதமும் வறுமையும் கற்றுக்கொடுத்தவை

அயர்லாந்தில் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தின நாள் மாமிசம் விலக்கிய நாள். ஆக அக்டோபர் 31 இரவு விருந்தில் மாமிசம் வைக்க முடியாது. கோஸும் உருளைக்கிழங்கும் மசித்த ‘கால்கனன்’, ஆப்பிள் பண்டங்கள், உலர்திராட்சை போட்ட ‘பார்ம்ப்ராக்’ ரொட்டி எல்லாம் அந்த இரவின் சிறப்பானது இதனால்தான். வெட்டும் காலத்துப் பழைய மாமிச விருந்து, விரத நாளின் மாவுப் பலகாரமாக மாறிய இடம் இது. பார்ம்ப்ராக் ரொட்டிக்குள் மோதிரம், காசு, பட்டாணி, துணிக் கிழிசல் என்று போட்டுச் சுடுவார்கள். மோதிரம் கிடைத்தால் கல்யாணம். காசு கிடைத்தால் செல்வம். துணி கிடைத்தால் வறுமை. வீட்டுப் பெண்களின் சிரிப்பும் கேலியும் அந்த ரொட்டியைச் சுற்றித்தான். கால்கனனில் வெண்ணெய் உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம்.

வட இங்கிலாந்தில் கோதுமை அவ்வளவாக விளையாது, ஓட்ஸ்தான். ஓட்ஸ் மாவும் சர்க்கரை ஆலையின் கரும்பாகும் சுக்கும் சேர்த்துச் செய்யும் ‘பார்க்கின்’ என்ற கேக் நவம்பர் முதல் வாரத்தின் பலகாரம். நம் ஊர் ஏழை வீட்டில் கருப்பட்டியும் கேழ்வரகும் சேர்ந்த மாதிரி.

முட்டை இல்லாத கேக்குக்கு வழி திறந்ததும் ஒரு வீட்டுச் சங்கடம்தான். பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்டும் ஆகாது. அவருக்காகவே 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்ட் பொடியும், 1843-இல் பேக்கிங் பவுடரும் கண்டுபிடித்தார். பெண்டாட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் செய்த காரியம் உலகத்து அடுப்பங்கரைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு இரண்டாம் உலகப் போர். பிரிட்டனில் 1940 ஜனவரி முதல் 1954 ஜூலை வரை உணவு ரேஷன். ஒருவருக்கு வாரத்துக்கு முட்டை ஒன்று, வெண்ணெய் பெரும்பாலும் 57 கிராம்தான். ஆப்பச்சோடாவும் வினிகரும் கொண்டு கேக்கை உப்ப வைக்க ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது. அந்த ரேஷன் காலத்தில்தான், 1944 நவம்பரில், டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் சில நண்பர்களும் சேர்ந்து பாலும் முட்டையும் விலக்கிய ஒரு சங்கம் தொடங்கி, ‘வீகன்’ என்ற சொல்லையும் புழக்கத்துக்கு விட்டார்கள். ஆங்கிலத்தில் சைவரைக் குறிக்கும் ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்தும் கடைசி இரண்டு எழுத்தும் சேர்ந்தது அது. சங்கத்தின் பொன்விழா ஆண்டான 1994-இல் அதன் தலைவராக இருந்த லூயிஸ் வாலிஸ் உலக வீகன் தினத்தை அறிவித்தார். சங்கம் பிறந்தது நவம்பர் என்று தெரியும். சரியான தேதி தெரியவில்லை. சௌவினோடும் இறந்தோர் நாளோடும் ஒட்டி, மரபாக விருந்துண்ணும் காலமாக இருக்கட்டும் என்றுதான் நவம்பர் 1-ஐத் தேர்ந்தெடுத்தார். வீகன் தினமும் சௌவினும் ஒன்றாக அமைந்தது தற்செயல் அல்ல.

புதிய பேகன்கள்

சரி, இன்றைய பேகன்கள் யார்? சூனியத் தடைச் சட்டம் பிரிட்டனில் 1951-இல் நீங்கியது. 1954-இல் ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் எழுதிய புத்தகம், ‘விக்கா’ என்று பின்னாளில் பெயர் பெற்ற வழிபாட்டை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தது. இந்தக் கார்ட்னர் 1900-இல், பதினாறு வயதுப் பையனாக, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டத்திலும் சுங்க இலாகாவிலும் இருந்து 1936-இல் ஓய்வு பெற்றார். அந்தத் தோட்டங்களெல்லாம் யாருடைய வியர்வையில் ஓடின என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆண்டுக்கு எட்டுத் திருநாள் என்ற சக்கரம் 1950-களின் இறுதியில்தான் அமைந்தது. செப்டம்பர் அறுவடைத் திருநாளுக்கு ‘மேபன்’ என்ற பெயர் 1970-களில் ஓர் அமெரிக்கர் வைத்தது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்கள் சமயத்தைப் ‘பேகன்’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘விக்கா’ என்றவர்கள் சுமார் 13,000. ஆக, பண்டிகையின் இன்றைய வடிவம் நம் தாத்தா பாட்டி வயதுதான். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் அப்பம் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. அது பேகன் கோயிலிலிருந்து வந்ததல்ல, கிறித்தவ வீட்டு வாசலிலிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை.

செய்து பார்க்க விரும்புவோர்க்கு

340 கிராம் மைதாவைச் சலித்து, அதில் ஜாதிக்காய்ப் பொடி, பட்டைப் பொடி, சுக்குப் பொடி வகைக்கு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் ஆப்பச்சோடா சேர்க்கவும். உறைந்த தேங்காய் எண்ணெய் 140 கிராம் போட்டு, மாவு புட்டுப் பதத்துக்கு உதிரும் வரை விரல் நுனியால் பிசிறவும். 130 கிராம் சர்க்கரை, 100 கிராம் உலர்திராட்சை சேர்த்து, இரண்டு டீஸ்பூன் வினிகரும் ஐந்தாறு மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலும் விட்டுத் திரட்டவும். சப்பாத்தி மாதிரி அழுத்திப் பிசையக் கூடாது, இறுகிப் போகும். கால் அங்குலத்துக்குச் சற்றே கனமாக உருட்டி, டம்ளர் வாயால் வட்டமாக வெட்டி, மேலே கத்தியால் குறுக்குக் கோடு கீறவும். 180 டிகிரியில் சூடாக்கிய ஓவனில் 18 முதல் 20 நிமிடம், ஓரம் பொன்னிறமாகும் வரை. எடுத்ததும் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகும். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் என்பது மட்டுமே 1604-ஆம் ஆண்டுப் பக்குவத்தோடு பெரிய வித்தியாசம். ஈஸ்டுக்குப் பதில் ஆப்பச்சோடா நம் வசதிக்காக.

எது பரம்பரை?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பாலும் முட்டையும் சேராத இந்த அப்பம் பழைய பேகன் பலகாரம் என்பது வரலாற்றுப்படி சரியல்ல. நேற்றைய கற்பனை என்று தள்ளுவதும் சரியல்ல. விரதம் மாமிசத்தை எடுத்தது; வறுமையும் ரேஷனும் முட்டையை எடுத்தன; கடைசியாகக் கொள்கை வெண்ணெயை எடுத்தது. காரணங்கள் மாறிக்கொண்டே இருந்தன. பேகன் விழா, கத்தோலிக்கத் திருநாள், புராட்டஸ்டண்ட் ஊர் வழக்கம், மறுபடி பேகன் என்று கொண்டாடியவர்களும் மாறினார்கள். மாறாமல் வந்தது ஒன்று: போனவர்கள் பெயரைச் சொல்லி, வாசலில் வந்து நிற்பவர்க்கு ஒரு பங்கு கொடுப்பது.

1845-க்குப் பின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டு அமெரிக்கா போனவர்கள் இதற்கு இன்னொரு சாட்சி. ஊரில் அவர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். போன இடத்தில் பெரிய பூசணி கிடைத்தது, அதைக் குடைந்தார்கள். இன்று உலகமே அந்தப் பூசணியைத்தான் ஹாலோவீன் அடையாளம் என்கிறது. குடிபெயர்ந்தவர்கள் கையில் மாறிய பொருளே மூலப்பொருளாகிவிட்டது!

நாமும் அப்படித்தான். வாழையிலை கிடைக்காத ஊரில் தட்டில் படைக்கிறோம். அமாவாசை வேலை நாளில் வந்தால் விடிவதற்கு முன்பே காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு ஓடுகிறோம். அதனால் வழக்கம் குறைந்துவிட்டது என்று குற்ற உணர்ச்சி கொள்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அந்தக் குற்ற உணர்ச்சி நிஜம். அது பிள்ளைகளுக்கும் தொற்றி, ‘அப்போ இது ஒரிஜினல் இல்லை’ என்று அவர்கள் விட்டுவிடவும் காரணமாகிறது. ஆன்ம அப்பத்தின் வரலாறு அவர்களுக்குச் சொல்ல ஒரு நேர்மையான பதிலைத் தருகிறது. “ஊர்ல இப்படியேதான் செய்வாங்க” என்று பொய் சொல்ல வேண்டாம். “சாமான் மாறியிருக்கு, யாருக்காகச் செய்யறோம்கிறது மாறலை” என்று சொல்லலாம். அதோடு, செய்ததில் ஒரு தட்டை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அந்தப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம்.